ஊருக்கு ஐந்து ஏ.இ.டி. கருவிகள்: எங்கே வைப்பது?

எங்கள் ஊர்ப் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில், நாலாவது சுற்றை முடித்துவிட்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பத்துப் பதினைந்து பேர் ஓடினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று ஒருவர் மிட்டாய் வாங்க ஓடினார். பெரியவருக்கு விட்டு விட்டு, குறட்டை போல மூச்சு இழுத்தது. மூச்சு இருக்கிறது, பயமில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நான் 108-க்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் தாமதம் இல்லாமல்தான் வந்தது. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை.

அந்த மூச்சு உண்மையான மூச்சே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதயம் நின்றுபோன சில நிமிடங்களுக்கு உடம்பு அப்படி இழுக்கும். அந்த நேரத்தில் நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்த வருடம் அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அப்பா நினைவாக, இதயம் நின்றவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவிகள் ஐந்து ஊருக்கு வாங்கித் தருகிறேன், எங்கே வைப்பது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நகராட்சியில் பேசினோம், அவர்களும் சம்மதித்தார்கள். அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. கோயிலில் வைக்கலாம் என்றார் ஒருவர். பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், போலீஸ் ரோந்து வண்டி, எங்கள் அபார்ட்மென்ட் என்று ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். யார் சொன்னதும் தப்பில்லை. உலகத்தில் ஒவ்வொரு நாடும் இதில் ஏதோ ஒன்றைத்தான் செய்து பார்த்திருக்கிறது. அந்த அனுபவங்களைப் படித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. இதே கேள்வி நாளைக்கு இன்னொரு ஊரில் வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்பார், பேசுவார், தானே ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவதும் உண்டு. இதயம் நிற்பதைத்தான் கார்டியாக் அரெஸ்ட் என்கிறார்கள். பல சமயம் இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, கீழறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் ஓடாது. சில நொடிகளில் நினைவு போய் ஆள் விழுந்துவிடுவார். மாரடைப்பு இதற்கு ஒரு பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை.

அந்த நடுக்கத்தை நிறுத்த ஒரு மின்அதிர்ச்சி தேவை. சீரியல்களில் டாக்டர்கள் இரண்டு தட்டுகளை நெஞ்சில் வைப்பதைப் பார்த்திருப்போம். அதே வேலையை டாக்டர் இல்லாத இடத்தில் செய்வதற்கு வந்ததுதான் ஏ.இ.டி. மூடியைத் திறந்து இயக்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும். இரண்டு பேட்களை வெறும் மார்பில் ஒட்டினால், இதயம் எப்படி இருக்கிறது என்று அதுவே படித்து, ஷாக் தேவையா இல்லையா என்று முடிவு செய்யும். ஷாக் தேவையில்லாத ஆளுக்கு நாம் தவறிப் பட்டனை அழுத்தினாலும் ஷாக் போகாது.

ஷாக் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும், நிற்காது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எல்லா யோசனைகளையும் பார்த்தேன். விழுந்த ஆளுக்கும் கருவிக்கும் நடுவே எத்தனை நிமிடம்? அந்தக் கருவியை எடுத்து வரப்போவது யார்?

கூட்டம் கூடும் இடங்களில் வைப்பது முதல் யோசனை. இதற்கு மிக வலுவான சாட்சி சிகாகோ விமான நிலையங்கள். 1999-இல் அங்கே கருவிகளைச் சுவரில் மாட்டினார்கள். எங்கே நின்றாலும் ஒன்றரை நிமிட நடைக்குள் ஒரு கருவி இருக்கும்படி கணக்குப் போட்டு மாட்டினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் 21 பேருக்கு இதயம் நின்றது. அதில் 18 பேருக்கு அந்த நடுக்கம் இருந்தது. 11 பேர் மீட்கப்பட்டார்கள். அந்தப் 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் ஏ.இ.டி.யை அதற்கு முன் பயன்படுத்திப் பழகாதவர்கள், அவர்களில் மூன்று பேர் மருத்துவம் படித்தவர்கள் என்றாலும்கூட. இதே தகவலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்கு பேருக்குக் கருவி பக்கத்தில் இல்லை, ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேரவில்லை. அந்த நான்கு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி கருவி, வித்தியாசம் நிமிடங்களில்தான்.

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் கதை இன்னும் தெளிவானது. அங்கே கருவியைப் பயன்படுத்தியவர்கள் செக்யூரிட்டிக் காவலர்கள். எல்லா மூலையிலும் கேமரா, யார் விழுந்தாலும் உடனே தெரிந்துவிடும். நடுக்கத்தில் இருந்த 105 பேரில் 53 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். விழுந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களை மட்டும் எடுத்தால் 74 சதவீதம். 2000-ஆம் வருடம் வெளியான ஆய்வு இது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, கூட்டத்தைவிட அங்கே சம்பளத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான் வேலை செய்திருக்கிறது என்பது. கூட்டம் இருந்தும் பொறுப்பானவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை எங்கள் பூங்காவிலேயே பார்த்துவிட்டேன்.

இப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் பேருந்து நிலையம் முதலில் வருகிறது. டைம் கீப்பர் அறையில் மூன்று ஷிஃப்டிலும் ஆள் உண்டு. இரவில் வெளிச்சம் உண்டு. கடைகள் உண்டு.

கோயிலைப் பற்றி எங்கள் குழுவில் நீண்ட நேரம் பேசினோம். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கில் கூட்டம், வெயிலில் வரிசை, வயதானவர்கள், விரதம் இருப்பவர்கள். கருவி அங்கே இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மதியம் நடை சாத்திய பிறகும், இரவு கதவடைத்த பிறகும் அது பூட்டின கதவுக்குள் இருக்கும். எங்கள் கோயில் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு நிமிட ஓட்டத்தில் இருக்கிறது. அதனால் தேரோட்டம், வைகுண்ட ஏகாதசி போன்ற நாட்களில் மட்டும் வேறொரு கருவியை மருத்துவ முகாமில் கொண்டுவந்து வைப்பது என்று பேசி முடித்தோம். பெரிய கோயில்களுக்கு இது பொருந்தாது. பிரகாரத்தைச் சுற்றி வரவே பத்து நிமிடம் ஆகும் கோயிலுக்குள்ளேயே இரண்டு மூன்று கருவிகள் வேண்டும்.

பூட்டு என்றதும் கோபன்ஹேகனில் செய்த ஒரு கணக்கெடுப்பைச் சொல்லியாக வேண்டும். அந்த நகரத்தில் ஏராளமான கருவிகள் இருந்தன. ஆனால் அலுவலகத்திலும் பள்ளியிலும் விளையாட்டு அரங்கிலும் இருந்தவை மாலை ஆனதும் கதவோடு சேர்ந்து பூட்டப்பட்டன. பொது இடங்களில் இதயம் நின்றவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் விழுந்தது மாலை, இரவு, வார இறுதி நேரங்களில். அந்த நேரங்களில், கருவிக்குப் பக்கத்திலேயே நடந்த சம்பவங்களில்கூடப் பாதிக்குமேல் கருவி கைக்குக் கிடைக்காதவை. வரைபடத்தில் புள்ளி இருக்கிறது, கையில் கருவி இல்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம். இங்கிலாந்தில் 2023-க்குள் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அரசே கருவி கொடுத்தது. பணம் இருக்கும் அரசு அதைச் செய்யட்டும், நல்லதுதான். கையில் ஐந்தே கருவி இருக்கும்போது, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் பூட்டியிருக்கும் கட்டடத்துக்கு அதில் ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை.

அதே இங்கிலாந்தின் கிராமங்களில் நடந்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. செல்போன் வந்த பிறகு யாரும் பயன்படுத்தாத சிவப்பு டெலிபோன் கூண்டுகளை, ஒரு பவுண்டு விலைக்கு ஊர்க்காரர்களே ஏற்றுக்கொள்ளலாம் என்று டெலிபோன் நிறுவனம் சொன்னது. பல ஊர்களில் அதற்குள் ஏ.இ.டி. வைத்தார்கள். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த இடம், இரவிலும் வெளிச்சம், கதவுக்குப் பூட்டு இல்லை. எங்கள் ஊரில் அப்படி எல்லோருக்கும் தெரிந்த இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். விடிகாலை நாலு மணிக்குத் திறக்கும் பால் பூத்தும் அதற்கு எதிரே இருக்கும் டீக்கடையும்தான் நினைவுக்கு வந்தன. அவை இரண்டும் பூங்கா வாசலுக்கு எதிரில்தான் இருக்கின்றன.

இனி வீடுகள். இங்கேதான் முடிவெடுப்பது கஷ்டம், நான் அதிக நேரம் செலவழித்ததும் இங்கேதான். ஏனென்றால் இதயம் நிற்பதில் பெரும்பங்கு நடப்பது பொது இடத்தில் இல்லை, வீட்டில். அப்படியானால் கருவி வீட்டுப் பக்கம் போக வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆய்வுகள் அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ளவில்லை.

2008-இல் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 7,001 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருடைய வீட்டிலேயே ஏ.இ.டி. கொடுத்து வைத்தார்கள். வருடக்கணக்கில் பார்த்த பிறகும், கருவி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. வீட்டில் ஆள் விழுவதைப் பல நேரம் யாரும் பார்ப்பதில்லை. தூக்கத்தில் போகிறார்கள், குளியலறையில் விழுகிறார்கள். கூட இருப்பது வயதான மனைவி மட்டும் என்றால் அவர் பதறிப்போய் மகனுக்குத்தான் போன் செய்வார்.

அதற்கு நாலு வருடம் முன்பு, வட அமெரிக்காவில் 24 பகுதிகளில், 993 இடங்களில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியானது. கடைவளாகம், அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாம் அதில் அடக்கம். ஒரு பாதி இடங்களில் தன்னார்வலர்களுக்கு நெஞ்சை அழுத்தக் கற்றுக் கொடுத்தார்கள், இன்னொரு பாதியில் அதோடு கருவியையும் கொடுத்தார்கள். கருவி இல்லாத இடங்களில் 107 பேரில் 15 பேர் பிழைத்தார்கள். கருவி இருந்த இடங்களில் 128 பேரில் 30 பேர். கருவியால் பயன் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் மொத்தத்தில் பிழைத்தவர்களில் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்.

இந்த எண்ணோடு நிறுத்தியிருந்தால், அபார்ட்மென்டில் வைக்கவே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். என் எண்ணத்தை மாற்றியது சிங்கப்பூர். அங்கே பெரும்பாலான மக்கள் வீவக என்ற அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய திட்டத்தில், இரண்டு புளோக்குக்கு ஒரு கருவி என்று கணக்கிட்டுக் கீழ்த்தளத்தில் மின்தூக்கிப் பக்கம் மாட்ட ஆரம்பித்தார்கள். கருவியை மாட்டியதோடு விட்டிருந்தால் அமெரிக்கக் குடியிருப்புகளின் கதைதான் இங்கேயும் நடந்திருக்கும். அவர்கள் கூடவே மூன்று வேலைகளைச் செய்தார்கள். அந்த ஊர் ஆம்புலன்ஸ் எண்ணான 995-க்குப் போன் செய்தால், எடுப்பவர் ஆம்புலன்ஸை அனுப்பியதோடு நிற்காமல், போனிலேயே எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சாதாரண மக்களுக்கு ஊரெங்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவது, மைரெஸ்பாண்டர் என்ற செயலி. யாருக்காவது இதயம் நின்றதாகத் தகவல் வந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் பதிவு செய்த தன்னார்வலரின் போனில் மணி அடிக்கும். பக்கத்தில் கருவி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதாவது வீட்டுக்குள் நடப்பது அந்த வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது புளோக்கில் குடியிருக்கும் மாணவனோ, வேலை முடிந்து வந்த நர்ஸோ கருவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடலாம்.

ஸ்டாக்ஹோமில் இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 500 மீட்டருக்குள் இருந்த தன்னார்வலர்களுக்குத் தகவல் போனபோது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நெஞ்சை அழுத்தும் உதவி கிடைத்தவர்கள் 62 சதவீதம். தகவல் போகாதபோது 48 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு.

ஆக, குடியிருப்பில் கருவி வைப்பது வீண் இல்லை. ஓடி வரும் ஆளைத் திரட்டாமல் வைப்பதுதான் வீண்.

வண்டிகளில் வைப்பது மூன்றாவது யோசனை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் 1990-இலிருந்து போலீஸ் ரோந்து வண்டிகளில் கருவி இருக்கிறது. நடுக்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிழைத்தார்கள் என்று அவர்களின் ஆரம்பகால அறிக்கைகள் சொல்கின்றன. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற காவல்துறைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. ஆனால் இண்டியானா மாநிலத்தின் புறநகர்களிலும் கிராமங்களிலும் இதையே செய்து பார்த்தபோது பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. போலீஸ் வண்டியில் கருவி இருந்தது, ஆனால் பெரும்பாலான சம்பவங்களுக்கு அந்த வண்டி போகவே இல்லை. ராச்செஸ்டரில் அவசரத் தகவல் வந்த அதே நொடியில் ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் சேர்த்து அழைப்பு போனது. நம் ஊரில் ஆள் மயங்கி விழுந்தால் ஜனங்கள் 108-ஐத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தகவல் பக்கத்துத் தெருவில் நிற்கும் ரோந்து வண்டிக்கு உடனே போகும் ஏற்பாடு முதலில் வரட்டும், அப்புறம் வண்டியில் வைக்கலாம் என்று சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். சிங்கப்பூரில் 2015-இல் நூறு டாக்ஸிகளில் கருவி வைத்தபோதும், ஓட்டுநர்களுக்குத் தகவல் போவது அந்தச் செயலி வழியாகத்தான். சுவீடனில் ட்ரோனில் கருவி அனுப்பி 2021 டிசம்பரில் ஒருவரைக் காப்பாற்றியது பெரிய செய்தி. நம் கையில் இருக்கும் பணத்துக்கு அது இப்போது பேசுகிற விஷயம் இல்லை.

சட்டம் போட்டுக் கட்டாயமாக்குவது நான்காவது. இது எங்கள் குழு முடிவு செய்கிற காரியம் இல்லை, மாநில அரசு யோசிக்க வேண்டியது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள், விளையாட்டு அரங்குகள் போன்ற இடங்களில் 2014-இலிருந்து கட்டாயம். தெற்கு ஆஸ்திரேலியா 2022-இல் சட்டம் போட்டு, அரசுக் கட்டடங்களுக்கு 2025, மற்ற பெரிய கட்டடங்களுக்கு 2026 என்று கெடு வைத்தது. பராமரிப்பதும், பதிவு செய்வதும், பலகை வைப்பதும் அந்தச் சட்டத்தில் சேர்த்தே இருக்கிறது. ஜப்பான் வேறு வழியில் போனது. 2004 ஜூலையில் பொதுமக்கள் யாரும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லாமலே ரயில் நிலையம், பள்ளி, கம்பெனி என்று அவரவரே வாங்கி வைத்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த கருவிகள் நாலு அல்லது அதற்கு மேல் என்று ஆனபோது, முதல் ஷாக் கிடைக்கும் சராசரி நேரம் 3.7 நிமிடத்திலிருந்து 2.2 நிமிடமாகக் குறைந்தது. ஆனாலும் 2005 முதல் 2007 வரை யாராவது பார்க்க விழுந்து நடுக்கத்தில் இருந்த 12,631 பேரில், பொதுமக்கள் கையால் ஷாக் கிடைத்தது 462 பேருக்குத்தான். பணக்கார நாட்டில், கருவிகள் வேகமாகப் பெருகிவந்த காலத்தில்கூட, நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு.

அந்த எண்ணைப் பார்த்த அன்றுதான் ஐந்து கருவி என்ற திட்டத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். உதவப் போய் கேஸில் மாட்டிக்கொள்வோமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழிகாட்டு நெறிகளும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைக் காக்கின்றன. பூங்காவில் இதயம் நின்று விழுந்தவரைப் பற்றி அதில் நேராக ஒரு வார்த்தை இல்லை. நல்லெண்ணத்தோடு ஒருவர் நன்மைக்காகச் செய்த காரியம் குற்றமாகாது என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவிலேயே உண்டு, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் நடுத்தெருவில் நிற்கும் ஆளுக்குச் சட்டப் பிரிவு ஞாபகம் வராது. கருவியின் பெட்டி மேலேயே, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சட்டம் உங்கள் பக்கம் என்று தமிழில் எழுதி ஒட்டும்படி தெளிவான ஒரு அரசாணை வந்தால், ஆயிரம் கருவி வாங்குவதைவிட அது பெரிய உதவி.

கருவிக்கு ஆகும் செலவு வாங்குவதோடு முடிவதில்லை. எங்களுக்கு வந்த விலைப்பட்டியல்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கின. நெஞ்சில் ஒட்டும் பேட்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் இரண்டு வருடம் சுமார். அதற்குள் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும், பசை காய்ந்துவிட்டால் தோலில் ஒட்டாது. பேட்டரி சில வருடம் தாங்கும். பல கருவிகள் 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாதவை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே, மேற்குப் பார்த்த சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழலான வடக்குச் சுவர், காற்றுப் போகும் பெட்டி என்று இடத்தைத் தேடித்தான் மாட்ட வேண்டும். தமிழில் பேசுமா என்பது நான் ஒவ்வொரு விற்பனையாளரிடமும் கேட்ட முதல் கேள்வி. மொழியை மாற்றும் வசதி சில கருவிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பதற்றத்தில் நிற்கும் பூக்காரம்மாவிடம் கருவி ஆங்கிலத்தில் பேசினால் என்ன பிரயோஜனம்?

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, பெரியவரின் மகனிடம் ஐந்து வேண்டாம், மூன்று வாங்குங்கள் என்று சொன்னேன். மீதிப் பணத்தைப் பத்து வருடப் பேட், பேட்டரிச் செலவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கி வங்கியில் போடுங்கள் என்றேன். அவர் முகம் வாடியது உண்மை. அப்பா பெயரில் ஐந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர். கோபன்ஹேகன் கணக்கையும் ஜப்பான் கணக்கையும் காட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார்.

ஒன்று பேருந்து நிலையத்தில், டைம் கீப்பர் அறைக்கு வெளியே. ஒன்று பூங்காவின் வெளிச்சுவரில், டீக்கடையைப் பார்த்தபடி. பூங்காக் கதவு பூட்டியிருந்தாலும் ரோட்டிலிருந்து எடுக்கலாம். அங்கே வைப்பதில் எங்கள் மனசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் தினமும் மூச்சு வாங்க நடக்கிற இடம், வாதமும் பலமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது, நானூறு வீடுகள் உள்ள வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், இரவுக் காவலாளியின் அறைப் பக்கம். அதற்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டோம். முப்பது பேராவது பயிற்சி எடுத்து, இரவும் பகலும் போன் எடுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்த வேண்டும். ஒரு வருடத்தில் அது கலைந்துபோனால் கருவியை வேறு இடத்துக்கு மாற்றுவோம். திருவிழா முகாமுக்குப் போகப்போவதும் இந்தக் கருவிதான், ஏனென்றால் அதைத் தூக்கிக்கொண்டு வரப் பழகிய ஆட்கள் இங்கேதான் இருப்பார்கள்.

மூன்று கருவிகளும் எங்கே இருக்கின்றன என்பது 108-இல் போன் எடுப்பவரின் திரையில் தெரிய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். மாநிலம் முழுவதற்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். முதல் இரண்டு நிமிடத்திலேயே எல்லோருக்கும் கை வலித்தது, அதனால் ஆள் மாற்றி அழுத்தப் பழகினோம். பெண் விழுந்திருந்தால் ரவிக்கையை வெட்டி நெஞ்சில் பேட் ஒட்டலாமா என்று ஒரு அம்மா எழுந்து கேட்டார். பல நாடுகளில் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகக் கிடைப்பதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று சொன்ன பயிற்சியாளர், பெட்டிக்குள் கத்திரிக்கோல் வைத்திருப்பதே அதற்குத்தான் என்று எடுத்துக் காட்டினார். சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு புடவையைப் பிடித்து மறைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாவே வழியும் சொன்னார். அதை அன்றே எங்கள் பயிற்சித் தாளில் சேர்த்துக்கொண்டோம்.

பெட்டிக்குப் பூட்டு வேண்டும், இல்லாவிட்டால் திருடிவிடுவார்கள் என்று நகராட்சிப் பொறியாளர் கடைசி வரை வாதாடினார். சாவி யாரிடம் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார் என்று கேட்டோம். பூட்டு இல்லாமல், திறந்தால் பெரிதாக மணி அடிக்கும் பெட்டியாகப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. டைம் கீப்பர்களில் பகல் ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு தடவை பயிற்சி எடுத்துவிட்டார்கள். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு இன்னும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, கடைசி டவுன் பஸ் போன பிறகு, பிளாட்பாரத்திலேயே பொம்மையைப் போட்டுச் சொல்லித் தரப் போகிறோம்.